மகளின் துவக்குக்குப் புதுக் குழல்

பச்சைக் கம்பளி விரித்த ஒரு மேசை. அதன்மேல் என் மகளின் வேட்டைத் துவக்கு கிடந்தது. கடை முழுவதும் எண்ணெய் மணம். அதற்குள் கோப்பி மணம். இரண்டுக்கும் கீழே, அடுப்போரம் படுத்திருந்த ஈர நாயின் மணம்.

துவக்குத் திருத்துகிற ஊர்ஸ் அதை இரண்டு கைகளாலும் தூக்கி, பிறந்த பிள்ளையைத் தருவதுபோல என்னிடம் நீட்டினார்.

“பிடித்துப் பாருங்கள். பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கை சொல்லும்.”

நான் பின்னால் போனேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இடுப்பு ஏதோ அலமாரியில் இடித்து, உள்ளே தகரப் பெட்டிகள் கிலுங்கின. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

“அப்பா, கடையை உடைக்காதேங்கோ,” என்றாள் ஆரணி. பிறகு ஊர்ஸின் பக்கம் திரும்பி, சுவிஸ் ஜெர்மனில் காரணத்தைச் சொன்னாள்.

பிள்ளைகளே, இந்தத் தொடரை வாசிக்கிற உங்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். சில நாடுகளின் பாஸ்போட் வைத்திருப்பவர்கள் இந்த நாட்டில் துவக்கு வாங்கவோ, வைத்திருக்கவோ, சுடவோ கூடாது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. எனக்கு இங்கே நிரந்தர வதிவிட அனுமதி உண்டு. ஆனால் பாஸ்போட் இன்னும் பழையதுதான். குடியுரிமைப் படிவத்தை மூன்று தரம் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவனுக்கு அந்தப் படிவத்தின் ஜெர்மன் ஒரு மலை. ஆரணியும் அவளின் தம்பி கவினும் இங்கே பிறந்து, பள்ளிக்கூடக் காலத்திலேயே சுவிஸ் பிரஜைகள் ஆகிவிட்டார்கள்.

ஆகவே மகள் துவக்கு வைத்திருக்கலாம். அப்பன் வைத்திருக்கக் கூடாது. கடையில் ஒரு நிமிடம் தொட்டுப் பார்ப்பதையும் சட்டம் தடுக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாதபடியால் தொடுவதில்லை.

ஊர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. துவக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

“பார்க்கலாம்தானே?” என்றார். “கண்ணுக்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை.”

உண்மையைச் சொன்னால், சட்டம் இல்லாவிட்டாலும் நான் தொட்டிருக்கமாட்டேன். இருபது வயது வரை, யுத்தம் நடந்த ஊரில், எனக்குத் துவக்கு என்றால் வீதிக்குக் குறுக்கே நிற்கிற ஒன்று. அதைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு கையும் தெரியும்படி நடக்க வேண்டும். அதற்குமேல் அந்தக் கதை இந்தக் கிழமை வேண்டாம்.

அப்படிப்பட்டவன் அன்று காலை ஏன் அந்தக் கடையில் நின்றேன்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குருத்தைக் கடிக்கிற மான்

ஆரணிக்குச் சோலோதுர்ன் பக்கத்துக் காடுகளில் வேலை. மரம் நடுவதும், எந்த மரத்தை வெட்டலாம் என்று அடையாளம் வைப்பதும் அவளுடைய பொறுப்பு. வேலையில் சேர்ந்த அடுத்த வருடமே, வேட்டைப் பரீட்சை எடுக்கப்போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள்.

என் மனைவி மஞ்சு கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பெட்டைப் பிள்ளை துவக்கோடை காட்டுக்குப் போனால் சனம் என்ன கதைக்கும்? நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சு வாறதில்லையோ?”

“அது நல்லதுதானே, அம்மா,” என்றான் கவின். “அக்காவைக் கேட்டு வாறவர் முதல் நாளே ஒழுங்கா நடப்பார்.”

நான் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரணி என்னைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கால் உயரத்தில் வெள்ளைத் தேவதாருக் கன்றுகள். ஒவ்வொன்றாகக் குனிந்து காட்டினாள். எல்லாவற்றிலும் மேல் குருத்தைக் காணவில்லை.

“மான் கடிச்சது. குருத்துப் போனால் பிறகு மரம் நேரா எழும்பாது, பற்றை மாதிரிப் பரவும். பத்து வருசமா இந்த இடத்திலை ஒரு மரமும் வளரேல்லை, அப்பா.”

“அதுக்கு ஒரு வேலி போடலாந்தானே?”

“காடு முழுக்கவோ?”

“வேறை ஆரும் சுடட்டுமே. ஏன் நீ?”

கடிபட்ட ஒரு கன்றை விரலால் நிமிர்த்திவிட்டாள். அது திரும்பச் சாய்ந்தது.

“மரம் நடுறது மட்டும் என்ரை வேலை, சுடுறது வேறை ஆரின்ரையோ பாவம் எண்டு சொல்ல எனக்கு விருப்பமில்லை,” என்றாள்.

பிள்ளையோடு கதைத்து வெல்ல முடியாத அப்பன்மார் என்ன செய்வார்கள்? கோயிலுக்குப் போவார்கள். நானும் போனேன். பேர்ண் நகரில் பல மதத்தவர்களும் ஒரே கட்டிடத்தில் கும்பிடுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே முருகனுக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தேன். என் பிள்ளை இந்தத் துவக்கை விட்டால் பதினொரு தேங்காய் உடைக்கிறேன் என்று.

வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பின்கதவால் வருகிற மான்கள்

என் வேலை உங்களுக்குத் தெரியும். இந்தத் தொடரை முதலில் இருந்து படிக்காதவர்களுக்காக ஒரு வரி: சோலோதுர்னில், ஆறே என்னும் ஆற்றின் கரையில் உள்ள ஓர் உணவகத்தின் குசினியில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, இப்போது இறைச்சி மேசை என்னுடையது.

செப்டம்பர் பிறந்தால் இங்கே மான் இறைச்சிக் காலம். ‘ரே’ என்று சொல்லும் சின்ன மான், எங்கள் ஊர் ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிது. வேட்டைக்காரர்கள் பின்கதவால் கொண்டுவந்து கொடுப்பார்கள். தோலை உரித்து, முதுகை வேறாக, தொடையை வேறாக, தோளையும் கழுத்தையும் வேறாக எடுப்பது என் வேலை. தோளும் கழுத்தும் சிவப்பு வைனில் பல நாள் ஊறி, பிறகு கறியாகும். சிவப்பு முட்டைக்கோவாவும் கஸ்டானியா என்கிற இனிப்புக் கொட்டையும் பக்கத்தில் வைப்போம்.

எங்கள் கந்தசஷ்டி விரதமும் அந்தக் காலத்தில்தான் வரும். ஆறு நாளும் மூன்று அண்டா மான் கறி சமைப்பேன். ஒரு சொட்டு நாக்கில் படாது. எங்கள் தலைமைச் சமையற்காரர் றெனே எனக்காக ருசி பார்ப்பார். உப்புக் குறைந்தால் இடது புருவம் எழும்பும். கூடினால் வலது. இரண்டும் எழும்பினால் நான் அண்டாவோடு ஓட வேண்டும்.

இறைச்சி மேசையில் நிற்பவனுக்கு ஒன்று தெரியும். சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து பறக்கிற உலோக முனை, போன வழி. சில மான்களில் சன்னம் ஒரு துளையாலே போய் மறு துளையால் வந்திருக்கும், சுற்றியுள்ள இறைச்சி சுத்தமாக இருக்கும். சிலதில் தோள் முழுவதும் இரத்தம் கட்டி, கறுத்த களிபோலக் கிடக்கும். கத்தியில் ஈயத் துணுக்குகள் உரசும். அவற்றைப் பொறுக்காவிட்டால் யாரோ ஒரு பிள்ளையின் பல்லில் அகப்படும்.

ஆரணி வேட்டை வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு நான் ஒரு பழக்கம் பிடித்தேன். மான் கொண்டுவருகிறவரிடம், “என்ன தோட்டாவால் சுட்டது? எவ்வளவு தூரம்?” என்று கேட்பேன். பிறகு அந்த மானில் பொறுக்கிய துணுக்குகளைச் சமையல் தாளில் சின்னதாக மடித்து, மேலே அந்த விபரத்தையும் திகதியையும் பென்சிலால் எழுதி, ஒரு ஜாம் போத்தலில் போடுவேன்.

“சிவா, உன் நகைப்பெட்டி நிறைகிறது,” என்பார் றெனே.

ஏன் செய்தேன் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பேர்ணில் நேர்த்தி வைத்தவனும் நான். சோலோதுர்னில் துணுக்குப் பொறுக்கியவனும் நான்.

ஒக்டோபரில் ஒரு நாள்

ஆரணி பரீட்சையில் சித்தியடைந்தாள். ஃப்ரிபூர்க்கில் ஒரு குடும்பத்திடம் பழைய துவக்கு ஒன்றை வாங்கித் தன் வீட்டில் பூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். முதல் வருடம் அவள் சுட்ட மூன்று மானும் எங்கள் பின்கதவால் வந்தன. மூன்றிலும் அடி ஒரே இடத்தில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால். நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும். பெருமைப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியாமல் வேலை செய்தேன்.

அடுத்த வருடம் முதலாவது மானில் அடி நாலு விரல் மேலே.

இரண்டாவது மானை ஒக்டோபரில் ஒரு நாள் சுட்டாள். மத்தியானம் போன் வந்தது.

“அப்பா.”

“என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“நான் பிழை விட்டிட்டன்.”

மான் விழவில்லை, ஓடிவிட்டது. தேடுவதற்குப் பழக்கிய நாயோடு ஒருவர் வந்து, இரண்டு மணித்தியாலம் தேடி, ஓடைக்கு அப்பால் கண்டுபிடித்தாராம். அதுவரை அது உயிரோடு இருந்ததாம். அதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். “உயிரோடை இருந்தது, அப்பா.”

பிறகு துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். நவம்பரில் வேட்டைக் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள், போகவில்லை. மார்கழியிலும் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் இருந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“என்ரை கை சரியில்லை. துவக்கை விக்கப் போறன்.”

நான் கேட்டது கிடைத்துவிட்டது.

பதினொரு தேங்காய்

நேர்த்தி பலித்தால் செலுத்த வேண்டும். தமிழ்க் கடையில் பதினொரு தேங்காய் வாங்கி, இரண்டு பைகளில் போட்டு, ரயில் ஏறினேன். பேர்ணில் இறங்கி டிராமில் நின்றபோது வண்டி வளைவு எடுத்தது. ஒரு தேங்காய் உருண்டு ஒரு சுவிஸ் அம்மாவின் சப்பாத்தில் போய் முட்டியது. அவர் எடுத்துத் தந்து, “பந்துருட்டும் போட்டிக்கா?” என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

கோயிலில் சப்பாத்தைக் கழற்றி, முகம் கழுவி, முதல் தேங்காயைக் கையில் எடுத்தேன்.

உடைக்க முடியவில்லை.

உடைத்தால் நான் எதற்கு நன்றி சொல்லுகிறேன்? அந்த இரண்டு மணித்தியாலத்துக்கா? ஓடைக்கு அப்பால் கிடந்த அந்தச் சீவனுக்கா? ஜன்னலோரம் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிற என் பிள்ளைக்கா? அதற்குமேல் இன்னொரு யோசனை. அந்த மானை நான்தானே வெட்டினேன். இந்தப் பிள்ளை ஊசியில் நூல் கோத்தால் ஒரே தரத்தில் கோக்கிறவள். முதல் வருடம் மூன்றும் ஒரே இடம். பிறகு ஒன்று மேலே, ஒன்று பின்னே. கை கெட்டால் இப்படி ஒரே வருடத்தில் கெடுமா?

தேங்காய்களைத் திரும்பக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“இவ்வளவு தேங்காய் என்னத்துக்கப்பா?” என்று மஞ்சு கேட்டாள். பிறகு என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள். “நேர்த்தித் தேங்காயோ? உடைக்காமல் கொண்டந்தனீங்களோ? உங்களுக்கென்ன விசரோ?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு பைகளையும் வாங்கிச் சுவரோரம் வைத்தாள்.

“சாமிக்குக் குடுக்காததை எங்களாலை சம்பல் போடவும் ஏலாது,” என்றாள் கடைசியில். “முதல்லை பிள்ளையோடை கதையுங்கோ.”

நான் முழுவதையும் கதைக்கவில்லை. பாதியைத்தான் கதைத்தேன். “விக்கிறதெண்டாலும் ஒருக்காக் கடையிலை காட்டிப்போட்டு வில், பிள்ளை. நானும் வாறன்.”

ஆரணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்கள்? துவக்குக் கடைக்கோ?”

எரிந்த தொண்டை

இப்போது திரும்பக் கடைக்கு வருகிறேன்.

ஊர்ஸ் மெல்லிய கம்பிபோன்ற ஒரு கமராவைக் குழலுக்குள் விட்டார். மேசையில் இருந்த சின்னத் திரையில் குழலின் உட்புறம் தெரிந்தது. தோட்டா போய் உட்காருகிற இடத்துக்கு அடுத்த பகுதியைத் தொண்டை என்று சொல்வார்களாம். அது மினுங்க வேண்டும். இது முதலைத் தோல்போல வெடித்துக் கறுத்திருந்தது.

“எரிந்துவிட்டது,” என்றார் ஊர்ஸ். “மெல்லிய சன்னத்தை மிக வேகமாகத் தள்ளுகிற தோட்டா. வேகம் கூடினால் சூடும் கூடும். உங்களுக்கு முன்னே வைத்திருந்தவர் நிறையச் சுட்டிருக்கிறார். இந்தக் குழல் இப்போது சன்னத்தை எங்கே அனுப்புகிறது என்று இதற்கே தெரியாது.”

ஆரணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அப்படியென்றால் நான் இல்லையா?”

இந்த இடத்தில் ஊர்ஸ் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரை எனக்குப் பிடித்தது அதற்காகத்தான்.

“பயிற்சியில் கடதாசியில் ஓட்டைகள் விலகி விழுந்திருக்குமே. கண்டீர்களா?”

“கண்டேன். என் கை என்று நினைத்தேன்.”

“அப்போது துவக்கைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.”

“இரண்டையும் சந்தேகப்பட்டு வீட்டில் நின்றிருக்க வேண்டும்,” என்றாள் ஆரணி.

ஊர்ஸ் மெல்லத் தலையாட்டினார். நாய் எழும்பி வந்து அவளுடைய முழங்காலில் தாடையை வைத்தது. அவள் அதன் காதைத் தடவிக்கொண்டே, “விற்றுத் தர முடியுமா?” என்று கேட்டாள்.

“விற்கலாம். ஆனால் தோட்டாவைப் பிடித்து அடைக்கிற பூட்டு நல்ல பூட்டு. பிடி மரமும் நல்லது. குழலை மட்டும் மாற்றினால் இன்னும் ஒரு ஆயுள் இருக்கிறது.”

“வேண்டாம்.”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என் குசினி ஜெர்மனில், எழுவாய் ஒரு பக்கம் பயனிலை ஒரு பக்கமாக.

“புதுக் குழல் போடுவதென்றால், என்ன தோட்டாவுக்குப் போடலாம்?”

ஆரணியின் கை நாயின் காதில் அப்படியே நின்றது.

இரண்டு இலக்கம்

தோட்டாவுக்குப் பெயர் பெரும்பாலும் இரண்டு இலக்கம், பிள்ளைகளே. முதலாவது சன்னத்தின் பருமன். இரண்டாவது அது இருக்கிற பித்தளைக் கூட்டின் நீளம். இரண்டும் மில்லிமீற்றரில். கூடு நீண்டால் வெடிமருந்து அதிகம் பிடிக்கும், சன்னம் வேகமாகப் போகும்.

ஊர்ஸ் மேசையில் இரண்டை நிறுத்தினார். ஏழு அறுபத்துநாலு. ஏழு ஐம்பத்தேழு. இரண்டின் அடிப்பக்கமும் பழைய தோட்டாவின் அதே அளவு, ஆகவே பூட்டை மாற்றத் தேவையில்லை. நெட்டையைத் தொட்டுச் சொன்னார்.

“இதைத்தான் சொல்வேன். தூரம் போனாலும் அதிகம் கீழே இறங்காது. எல்லோருக்கும் பிடித்தது.”

நான் என் கோட்டுப் பையிலிருந்து ஜாம் போத்தலை எடுத்தேன். வைப்பதற்கு முன் கேட்டேன்.

“இது என்னிடம் இருக்கலாமா? சட்டப்படி?”

ஊர்ஸ் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இது பழைய உலோகம், ஐயா. குப்பை.”

“என்னப்பா இது?” என்றாள் ஆரணி தமிழில்.

“குசினிக் குப்பை எண்டு அவர்தானே சொல்லுறார்.”

மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பளியில் வரிசையாக வைத்தேன். நெட்டைத் தோட்டா, கிட்டத் தூரம்: நொறுங்கின ஈயம், அரிசிக் குறுணிபோல ஒரு பிடி. “இந்த மானில் ஒரு தோளும் எடுக்க முடியவில்லை.” நெட்டை, இன்னொன்று: அதேபோல. குட்டைத் தோட்டா, அதே தூரம்: நாலைந்து துணுக்கு. “இதில் ஒரு தோள் முழுதாக இருந்தது.” கடைசியில் குட்டைத் தோட்டாவில் செம்புச் சன்னம்: பூவிதழ்போல ஒரே ஒரு துண்டு. “இது எலும்பில் பட்டபடியால் உள்ளே நின்றது. மற்றதெல்லாம் வெளியே போய்விடும்.”

ஊர்ஸ் கண்ணாடியை மாட்டினார். குனிந்து, விரலால் தொடாமல், என் பென்சில் எழுத்தை வாசித்தார். எழுத்துப் பிழைகள் இருந்திருக்கும். கன நேரம் எடுத்தார்.

“இந்தக் கடையில் நாங்கள் சன்னம் புறப்படுகிற முனையை மட்டும்தான் பார்க்கிறோம்,” என்றார்.

ஆரணியும் குனிந்திருந்தாள். அவள் எழுத்தை வாசிக்கவில்லை, திகதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் விளங்கியது.

“அப்பா, இது நான் வகுப்புத் தொடங்கின வருசம்.”

“ஓம்.”

“நீங்கள் அப்ப என்னோடை இரண்டு மாசம் கதைக்கேல்லை.”

“ஓம்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு குட்டைத் தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஊர்ஸைப் பார்த்தாள். அவள் பேரம் பேசும்போது மஞ்சுவின் முகம் வரும். இப்போது வந்தது.

“நூற்றைம்பது மீற்றருக்கு மேலே நான் சுடுவதே இல்லை. பிறகு எனக்கு எதற்கு வேகம்? ஏழு ஐம்பத்தேழு. செம்புச் சன்னம்.”

“செம்பு என்றால் குழலின் முறுக்கைக் கவனிக்க வேண்டும்,” என்றார் ஊர்ஸ். செம்பு ஈயத்தைவிடப் பாரம் குறைந்தது. அதே பாரம் வேண்டுமென்றால் சன்னம் நீண்டதாக இருக்க வேண்டும். நீண்ட சன்னம் நேராகப் போக, பம்பரம்போல இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியைக் கொடுப்பது குழலுக்குள் வெட்டியிருக்கிற முறுக்குக் கோடுகள். இறுக்கமான முறுக்குள்ள குழலாக எடுப்பது என்று முடிவாயிற்று.

நீளத்தில் கொஞ்சம் வாக்குவாதம். ஊர்ஸ் அறுபது சென்ரிமீற்றர் என்றார். ஆரணி ஐம்பத்தாறு என்றாள்.

“அறுபது ஒன்றும் அதிகமில்லை.”

“உங்கள் உயரத்துக்கு இல்லை. நான் வேட்டை மேடையின் ஏணிப்படியில் இதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், கன்றுகளுக்குள்ளே கொப்பில் கொழுவாமல் நடக்க வேண்டும்.”

ஐம்பத்தாறு என்று எழுதினார்.

பிழையான இடத்தில் கேட்டது

வெளியே வந்து ஆற்றங்கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். குளிர். மஞ்சு கட்டித் தந்த ரோல்ஸைப் பிரித்தோம். நான் என் பங்கைக் கடிக்காமல் வைத்திருந்தேன்.

“பிள்ளை, உன்னட்டை ஒண்டு சொல்ல வேணும்.”

நேர்த்தியைச் சொன்னேன். தேங்காயைச் சொன்னேன். டிராமில் உருண்டதையும் சொன்னேன். எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கடைசியில் சொன்னேன்.

“நான் கேட்டபடியால்தான் அந்த மான் அப்பிடிக் கிடந்ததோ எண்டு நினைக்கிறன்.”

ஆரணி மெல்லுவதை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ரோல்ஸை மடியில் வைத்தாள்.

“எந்தச் சாமியிட்டைக் கேட்டனீங்கள்?”

“முருகனிட்டை.”

“அப்பா! வள்ளி ஆரப்பா? வேடர் வீட்டுப் பிள்ளை. அவரே வேடன் வேசத்திலை போய்த்தானே அவவைக் கட்டினவர். அவரிட்டைப் போயோ உங்கடை மகள் வேட்டையை விட வேணும் எண்டு கேட்டனீங்கள்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். வாங்கடியில் நின்ற புறாக்கள் எழும்பிப் போயின. சிரித்து முடிந்தபோது அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு முகம் மாறியது.

“அந்த மானுக்கு நீங்கள் பொறுப்பில்லை. அதை என்னட்டை விடுங்கோ. நான்தான் கடதாசியிலை கண்டும் போனனான்.”

“உனக்குப் பயமா இருக்கோ, திரும்பப் போக?”

“ஓம்,” என்றாள். “சரியான பயம்.”

அந்த ‘ஓம்’ எனக்கு ஒக்டோபர் போனைவிடப் பாரமாக இருந்தது. குழல் புதிதாக வரும். பயத்துக்குக் கடையில் ஒன்றும் இல்லை.

தேங்காய்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சுவும் நானும் திரும்பக் கொண்டுபோய், ஒன்றும் கேளாமல் கோயிற் சமையலுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒரு வியாழக்கிழமை

குழல் கோடையில் வந்தது. சுடுகிற பயிற்சி இடத்தில் நான் பார்வையாளர் நிற்கிற கோட்டுக்குப் பின்னால், காதை மூடிக்கொண்டு நின்றேன். கடதாசியில் விழுந்த மூன்று ஓட்டையையும் ஒரு கோப்பிக் கரண்டியால் மூடலாம். ஆரணி கடதாசியை மடித்துப் பையில் வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கடதாசி ஓடாது என்று அவளுக்கும் தெரியும்.

செப்டம்பர் வந்தது, போனது. மூன்று தரம் காட்டுக்குப் போய், மூன்று தரமும் சுடாமல் வந்தாள். மான் வரவில்லையா என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, இரவுச் சமையல் தொடங்குவதற்கு இடையில் உள்ள நேரம். பின்கதவு மணி அடித்தது. அவளுடைய கூட்டாளி ஒருவர் மானை வைத்துவிட்டுப் போனார். காலில் கட்டியிருந்த அட்டையில் ஆரணியின் எழுத்து. எழுத்து ஒழுங்காக இருந்தது.

றெனே அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பி குடிக்க வேண்டும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் அந்த நேரத்தில் கோப்பி குடிப்பதில்லை.

நான் கத்தியைத் தீட்டினேன். தோலை எடுத்தேன். இடப் பக்கம், முன்னங்காலுக்குப் பின்னால், என் சுண்டுவிரல் அளவில் ஒரு துளை. வலப் பக்கம் அதற்கு நேரே இன்னொன்று. தோளைத் தூக்கினேன். உள்ளே இறைச்சி சிவப்பாக, சுத்தமாக இருந்தது. விரலால் தடவிக்கொண்டே போனேன். எலும்போரம், விலாவுக்குள், திரும்பவும் தோளில். வழக்கமாக எடுக்கிற நேரத்தைவிட இரண்டு மடங்கு எடுத்தேன்.

பிறகு கையைக் கழுவி, துடைத்து, போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறாள்.

“அப்பா.”

“வந்திட்டுது.”

“ஓம். நிண்ட இடத்திலையே விழுந்தது. நான் அப்பிடித்தான் கண்டனான். ஆனால்… நீங்கள் பாத்தனீங்களோ? உள்ளுக்கை?”

“பாத்தன்.”

“என்ன இருந்தது?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லையோ?”

“இரண்டு தரம் தேடினன், பிள்ளை. ஒண்டுமே இல்லை.”

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று நீளமாக வெளியே போவது கேட்டது. போன ஒக்டோபரில் இருந்து உள்ளே வைத்திருந்த மூச்சு அது என்று நினைக்கிறேன். அவள் அழுதாளா என்று நான் கேட்கவில்லை. நான் அழுதேனா என்று அவளும் கேட்கவில்லை. குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது.

“அப்ப சனிக்கிழமை திரும்பப் போகப் போறன்,” என்றாள்.

“ஓம், போயிட்டு வா. விடியப்புறம் குளிரும். காதை மூடித் தொப்பி போடு.”